முனிலட்சுமி ஏறாத கார்

எங்கள் சித்தப்பா மகன் வெங்கடப்பனுக்கும் சாந்தம்மாவுக்கும் மூத்தவன் ராமப்பன். அவனுக்குப் பின் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று பால்குடியிலேயே போனது, ஒன்று அம்மை கண்டு போனது, இன்னொன்று தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த பிறகு போனது. அந்தக் கடைசிப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று சாந்தம்மா மேலுமலை முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டாள். அடுத்தது தங்கினால் உன் பெயரை வைத்து, உன் காலடியில் காது குத்தி, கிடா வெட்டுகிறேன் என்று. அப்படித் தங்கியவள்தான் முனிலட்சுமி. பெயர் வைத்தார்கள், காதும் குத்தினார்கள். கிடா மட்டும் வெட்டவில்லை. இந்த வருஷம் மழை இல்லை, வருகிற வருஷம் பார்க்கலாம் என்றான் வெங்கடப்பன். வருகிற வருஷம் கிணற்று வேலையில் கல் சரிந்து அவனே போய்விட்டான். சாந்தம்மாவும் அதிக நாள் இருக்கவில்லை. அப்புறம் கிடாவை யார் நினைக்கிறது.

உத்தனப்பள்ளியில் அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். முறைக்கு நான் அவளுக்குப் பெரியப்பா. ராமப்பன்தான் அவளை வளர்த்தான். அவன் பெண்சாதி ரங்கம்மா சோறு போடாதவள் அல்ல. போட்ட சோற்றை ஊருக்குச் சொல்லாமல் இருக்கத் தெரியாதவள். முனிலட்சுமி எட்டாவதோடு பள்ளியை விட்டுத் தக்காளித் தோட்டத்துக்கும் மல்லிகைப் பூ பறிக்கவும் போனாள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் பேசினால் கணக்காகப் பேசுவாள், அவள் அம்மா மாதிரி.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆவணியில் ஜூஜுவாடி மாரம்மா தன் ஒரே மகன் திம்மராயனுக்கு அவளைக் கேட்டு வந்தாள். மாரம்மாவின் தாய்வழி நமக்குத் தூரத்துச் சொந்தம்தான். புருஷன் இல்லாதவள். எல்லையோரம் அவளுக்கு இருந்த நிலத்தை ஒரு கம்பெனிக்காரன் குடோன் கட்ட வாங்கிக்கொண்டான். அதில் வந்ததைக் கொண்டு மகனுக்கு ஒரு கார் வாங்கிக் கொடுத்தாள். பெங்களூரில் யாரோ ஒரு பெரிய அதிகாரி ஓட்டிய வெள்ளைக் கார். கார்புரேட்டர் இல்லாத புது மாதிரி. எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்றான் திம்மராயன். ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு வருகிற விருந்தாளிகளை ஏற்றி இறக்க அதை மாத வாடகைக்கு விட்டிருந்தான். நிலம் போன பிறகு அந்த வீட்டுக்கு இருந்த உயிர் அந்தக் கார்தான். அது நின்றால் எல்லாம் நின்றது.

கல்யாணமான கையோடு கிருஷ்ணகிரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போனார்கள். திரும்பி வரும்போது மேலுமலை ஏற்றம் முடிகிற இடத்தில் விளக்கை ஊதி அணைத்த மாதிரி எஞ்சின் நின்றுவிட்டது. திம்மராயன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பின் சீட்டில் இருந்த மாரம்மா கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தாள். ரோட்டோரம் மஞ்சள் பூசிய கல்லாக முனியப்பன் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா முனிலச்சுமி, உங்கம்மா இந்தச் சாமிக்கு ஏதோ வேண்டிக்கினான்னு உங்க ஊர்ல சொன்னாங்களே, செஞ்சாச்சா?"

"காது குத்தினாங்க, அத்தை."

"கிடா?"

முனிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். மாரம்மாவுக்கு அது போதும். இறங்கிப் பக்கத்துக் கொட்டாயில் ஒரு சேவலைக் கேட்டு வாங்கி வந்தாள். அதை அறுத்து, ரத்தம் காட்டி, சூடம் கொளுத்தி, விழுந்து கும்பிட்டு எழுந்து வந்து, "இப்போ எடுறா" என்றாள். திம்மராயன் சாவியைத் திருப்பினான். கார் ஒரே திருகில் கிளம்பிவிட்டது.

அன்றிலிருந்து அந்தத் தொல்லை பிடித்துக்கொண்டது. கிருஷ்ணகிரி போய்த் திரும்பினால் நிற்கும். கோழி அறுத்துக் கும்பிட்டால் கிளம்பும். சில நாள் மலை தாண்டிச் சூளகிரியில் நிற்கும், சில நாள் நிற்காமல் வீடு வந்து சேர்ந்துவிடும். நின்ற நாளெல்லாம் மாரம்மாவுக்கு ஒரே பேச்சு. நிற்காத நாளைப் பற்றி அவள் பேசுவதில்லை.

திம்மராயன் சும்மா இருக்கவில்லை. ஓசூரில் மாதப்பன் என்கிற மெக்கானிக்கிடம் போனான். மாதப்பன் பழைய கார்களில் கை தேர்ந்தவன். பிளக் மாற்றினான், பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கிற காயிலை மாற்றினான், பெட்ரோல் பம்பைக் கழற்றிப் புதுசு போட்டான். கார் பட்டறையில் நிற்கும்போதெல்லாம் நன்றாக ஓடும்.

"டாக்டர் வூட்டு வாசப்படி மிதிச்சதும் ஜொரம் எறங்கிப்போற ஆளாட்டம் இருக்குது உன் வண்டி" என்றான் மாதப்பன். "நிக்கும்போது காட்டுனாதானே பாக்க முடியும்."

"நிக்கறது மலை மேல. நீ வர்றியா?"

"வரலாம். உங்கம்மா சாமி நிறுத்துதுன்னு சொல்றாங்களாமே. சாமி நிறுத்துன வண்டிக்கு நான் எந்த நம்பர் ஸ்பேனர எடுத்துக்கினு வர்றது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். திம்மராயனுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் தொழிற்சாலை விருந்தாளி ஒருவரை வெயிலில் ரோட்டோரம் நிற்கவைத்துவிட்டு, லாரியைக் கை காட்டி ஏற்றி அனுப்பியிருந்தான். இன்னொரு தரம் இப்படி ஆனால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மாரம்மா ராமப்பனுக்கு ஆள் விட்டாள். ராமப்பன் முனகிக்கொண்டே தன் கொட்டகையில் இருந்த கிடாவைப் பிடித்துக் கொண்டுபோனான். நானும் போயிருந்தேன். முனியப்பனுக்கு வெட்டி, பொங்கல் வைத்து, கறி சாப்பிட்டு, எல்லோருக்கும் மனசு லேசாகிவிட்டது. முனிலட்சுமி அன்றுதான் கல்யாணத்துக்குப் பிறகு சிரித்து நான் பார்த்தேன். கிருஷ்ணகிரி சந்தையில் மாரம்மாவுக்கு ஏதோ வாங்க வேண்டும் என்று காரில் மலை இறங்கிப் போனார்கள். திரும்பி வருகிறபோது, அதே ஏற்றத்தில், வெட்டின ரத்தம் காயாத கல்லுக்கு எதிரிலேயே கார் நின்றது.

மாரம்மா அன்று கோழி கேட்கவில்லை. காரிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கிடாவையும் தின்றுவிட்டு நிறுத்துகிறதென்றால் இது கிடாவோடு தீர்கிற விஷயம் இல்லை என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

அப்புறம்தான் அஞ்செட்டிக்குப் போனாள். அங்கே செல்லி என்று ஒருத்தி குறி சொல்லுவாள். பஸ் அதிகம் போகாத ஊர். போய் வர ஒரு நாள் முழுக்க ஆகும். செல்லி சோழியை உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "சாமி கல்லுல இல்ல. பொண்ணு மேலயே ஏறி உக்காந்துக்கினு இருக்குது. இனிமே வண்டி நின்னா நீ எதுவும் அறுக்காத. அவ கையாலயே மஞ்சத்தண்ணி ஊத்தச் சொல்லு. வண்டி கெளம்பலன்னா அவமேல குத்தம் இல்ல. கெளம்பிச்சுன்னா, கட்டினவளும் அவளே, அவுத்தவளும் அவளே."

இதை மாரம்மா மகனிடமும் சொல்லவில்லை, மருமகளிடமும் சொல்லவில்லை. குடத்தில் மஞ்சள் கரைத்து, வாயைத் துணியால் கட்டிக் காரில் வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு ஒரு துக்கம் விசாரிக்கப் போகலாம் என்று கூப்பிட்டாள்.

திரும்பி வரும்போது கார் மேலுமலையில் நின்றது. மாரம்மா இறங்கி மகனைப் பேனட்டைத் திறக்கச் சொன்னாள். குடத்தை மருமகள் கையில் கொடுத்தாள்.

"ஊத்து."

"அம்மா, எஞ்சின்ல தண்ணி ஊத்தக் கூடாது. மாதப்பன் சொல்லியிருக்கறான்."

"மாதப்பன் இத்தன நாளா இன்னாத்த ஓட்டிக் கிழிச்சான். ஊத்துடி."

முனிலட்சுமி பெல்ட் ஓடுகிற பக்கமாக நின்றிருந்தாள். சூட்டுக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கமே குடத்தைச் சாய்த்துவிட்டாள். புகை மாதிரி ஆவி எழும்பியது. கீழே ரோடெல்லாம் மஞ்சளாக ஓடியது. ஆவி அடங்கக் கொஞ்சம் பொறுத்துத் திம்மராயன் சாவியைத் திருப்பினான். கார் கிளம்பிவிட்டது. இதுவரை இவ்வளவு சீக்கிரம் கிளம்பியதே இல்லை. அவன் சந்தோஷம் தாங்காமல் சிரித்துவிட்டான். முனிலட்சுமியும் வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மாரம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றது. செல்லி சொன்னதை அவள் அங்கே வைத்துத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் மாரம்மா தன் தம்பி கங்கப்பனைக் கூப்பிட்டனுப்பினாள். அந்தப் பக்கத்தில் நம் ஜனத்துக்குள் சேர்த்து வைக்கிறதும் தீர்த்து விடுகிறதும் கங்கப்பன் பேச்சில்தான் நடக்கும். பொங்கல் போகட்டும், தை மாதம் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து, தாலியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பெண்ணைத் தீர்த்து விட்டுவிடலாம் என்று அவன் முடிவு சொன்னான். திம்மராயன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"காரு இருந்தா இன்னொரு பொண்ணு கெடைக்கும். காரு போச்சுன்னா நீயும் நானும் நம்ம நெலத்துல கட்டின குடோன்ல மூட்டை தூக்கப் போவணும்" என்றாள் மாரம்மா.

முனிலட்சுமி ஒரு பையோடு ராயக்கோட்டை பஸ்ஸில் வந்து உத்தனப்பள்ளியில் இறங்கினாள். கூட யாரும் வரவில்லை.

ரங்கம்மா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு ரெண்டு பொண்ணு வளந்து நிக்குது. சாமி ஏறி உக்காந்த அத்தை ஒருத்தி வூட்ல இருக்கறான்னா நாளைக்கு யாரு வந்து கேப்பான்? கிடாவும் எங்க வூட்டுதுதான் போச்சு." ராமப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டான். முனிலட்சுமி மாட்டுக் கொட்டகையை ஒட்டி இருந்த அறையில் பையை வைத்தாள்.

அவள் சாப்பிடவில்லை. என் பெண்சாதி களி கிண்டிக் கொண்டுபோய் வைத்தால் அப்படியே ஆறிக் கிடக்கும். அவள் அப்பன் செத்த அந்தக் கிணற்றின் மேட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருநாள் ஆடு மேய்க்கிறவன் வந்து சொன்னான். என் பெண்சாதி செருப்புப் போடாமல் ஓடினாள். கையைப் பிடித்துக் கூட்டி வந்து, அன்றைக்கிருந்து அவளைத் தனியாக விடவில்லை. வெளிக்குப் போனாலும் பின்னாலேயே போனாள்.

"பெரிப்பா, வண்டி என்னாலயா நிக்குது?" என்று முனிலட்சுமி என்னைக் கேட்டாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவள் ஊற்றின தண்ணீரில் அது கிளம்பியதே. "மனசப் போட்டு ஒழப்பிக்காத கண்ணு" என்றேன்.

"நான் ஊத்தாம இருந்திருக்கலாம்" என்றாள். "ஊத்தும்போது கெளம்பணும் சாமின்னு வேண்டிக்கினே ஊத்தினேன்."

ஜூஜுவாடியில் மாரம்மா வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு அறைகள் இருந்தன. ஒன்றில் சாத்தூர்ப் பக்கத்துக் கருப்பசாமி வாடகைக்கு இருந்தான். ஒரு தொழிற்சாலையில் மெஷின் நின்றால் ஓடிப்போய்ப் பார்க்கிற எலக்ட்ரீஷியன். கார் ஓட்டத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திம்மராயன் காரைத் துடைக்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினான்.

"அண்ணாச்சி, மதினி ஊத்துன தண்ணி எஞ்சின்ல எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"எல்லாம் முடிஞ்சு போச்சு. அத இன்னாத்துக்குக் கேக்கற?"

"சும்மா சொல்லுங்க."

"முன்னாடி. பெல்ட் ஓடற பக்கம்."

"அன்னைக்கு ஒடனே கெளம்பிருச்சு. கோழி அறுத்தா மட்டும் நேரம் ஆவுது, அப்படித்தான?"

"கோழியப் புடிக்கணும், அறுக்கணும், கும்பிடணும். நேரம் ஆவாதா?"

"கோழிக்கு நேரம் ஆகல அண்ணாச்சி. எஞ்சின் ஆறுறதுக்கு நேரம் ஆவுது." கருப்பசாமி சிரிக்காமல்தான் சொன்னான். "எங்க மெஷின்ல ஒரு சென்சார் இப்படித்தான் பண்ணும். சூடேறுனா செத்துரும், ஆறுனா பொழச்சுக்கிடும். நாம மீட்டரத் தூக்கிக்கிட்டுப் போறதுக்குள்ள ஒண்ணுந் தெரியாத பிள்ளை மாதிரி ஒக்காந்திருக்கும். ரெண்டு மாசம் அதுங்கிட்ட ஏமாந்திருக்கேன்."

அன்றைக்கே பார்த்துவிட்டார்கள். பேனட்டை மூடி, வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டார்கள். காற்றோட்டம் இல்லாமல் நின்ற இடத்திலேயே அது சூடேறியது. வெயில் உச்சிக்கு வந்த பிறகு கார் செத்தது. திம்மராயன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது. ஆனால் எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டுகிற முள் கொஞ்சமும் அசையவில்லை.

"பாத்தியளா. சுத்துது, ஆனா சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குப் போய்ச் சொல்ல ஆளில்ல. அதுக்குத் தெரியாததால பெட்ரோலும் விடல, பிளக்குக்கு நெருப்பும் விடல."

கருப்பசாமி சாக்கைப் போட்டுக் காருக்கு அடியில் படுத்தான். எஞ்சினின் அடிப்பக்கம், பெல்ட்டைச் சுற்றுகிற பல் சக்கரத்தின் விளிம்பைத் தொடுகிற மாதிரி, கட்டைவிரல் பருமனில் கறுப்பாக ஒன்று செருகியிருந்தது. அதிலிருந்து ஒயர் போனது. ஒயரைக் கழற்றி மீட்டரை வைத்தான். மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. உள்ளே கம்பி அறுந்த மாதிரி இருந்தது. ஈரத் துணியை எடுத்து அதன்மேல் மட்டும் சுற்றிப் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் மீட்டரில் எண் வந்தது. ஒயரை மாட்டிவிட்டு, "எடுங்க" என்றான். கார் கிளம்பியது. திம்மராயன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தான்.

அந்தச் சென்சாருக்கு ஓசூரில் எந்தக் கடையிலும் பெயர்கூடத் தெரியவில்லை. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கடைகடையாக ஏறி இறங்கி, பழசைக் காட்டிக் காட்டி, கடைசியில் ஒரு மார்வாடியிடம் கிடைத்தது. ஒரே ஒரு போல்ட்தான். கழற்றி, பழையதைத் திருகி உருவி, ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவிப் புதியதைச் செருகி, போல்ட்டை முடுக்கி, ஒயரை மாட்டினார்கள். திம்மராயன் கிருஷ்ணகிரிக்கு ஓட்டிப் போய் மேலுமலை ஏறித் திரும்பினான். நிற்கவில்லை. மறுநாளும் போனான். நிற்கவில்லை.

அம்மாவிடம் ஓடினான். "அம்மா, வண்டி சரியாயிடுச்சு. அவளக் கூட்டிக்கினு வந்துடறேன்."

"சரியாவாம இன்னா பண்ணும்? அவ போனா, சரியாயித்து. நான் சொன்னதுதானே."

அவன் பழைய சென்சாரை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "இதும்மா நிறுத்தினது. அவ இல்ல."

மாரம்மா அதைத் தொடாமல் பார்த்தாள். "இத்தனூண்டு பிளாஸ்டிக்கு அத்தாம் பெரிய வண்டிய நிறுத்துமா? முனியப்பன் நிறுத்தினாருன்னு சொல்லு, நம்பறேன்."

கங்கப்பனிடம் போனான். "அவ போனப்புறம்தானே மாப்ள ஓடுது. நான் இன்னான்னு பெரியவங்களுக்குச் சொல்றது?" என்றான் அவன்.

மார்கழி பிறந்துவிட்டது. திம்மராயன் பஸ் ஏறி உத்தனப்பள்ளிக்கு வந்தான். ராமப்பன் வீட்டுக்குள் விடவில்லை. என் வீட்டில்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். முனிலட்சுமி சுவரோரம் நின்று கேட்டாள். சவரம் செய்யாமல் அவன் முகம் ஒட்டிப்போயிருந்தது. "நான் இன்னா சொன்னாலும் உன்னையே சொல்றாங்க. வண்டி நின்னப்போ உன்னால நின்னுதுன்னு சொன்னாங்க, இப்போ நீ போனதால ஓடுதுன்னு சொல்றாங்க. எனக்கு வேற வழி தெரியல."

அவள் சுவரை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள். அப்புறம், "அந்தப் பழச வெச்சிருக்கறீங்களா, எறிஞ்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"கருப்பசாமிகிட்ட இருக்குது."

"அதயே திருப்பி மாட்டுங்க. அத்தையயும் கங்கப்ப மாமாவயும் வெச்சுக்கினு மலை ஏறுங்க. நான் இல்லாதப்போ நிக்கட்டும்."

நல்ல சாமானைக் கழற்றிக் கெட்டதை மாட்டு என்று சொன்ன ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. திம்மராயனுக்கு முகம் தெளிந்தது. அன்றைக்கே திரும்பிப் போனான்.

கங்கப்பன் ஒத்துக்கொண்டான். மாரம்மாவும் வந்தாள், அவளுக்குப் பயம் இல்லை. கருப்பசாமி லீவு போட்டுவிட்டு, புதுச் சென்சாரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். கிருஷ்ணகிரி வரைக்கும் போனார்கள். திரும்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது. குளிர்காற்று. ரோடெல்லாம் ஈரம். சக்கரத்தில் தெறித்த தண்ணீர் எஞ்சினின் அடிப்பக்கமெல்லாம் அடித்துக்கொண்டே வந்தது. கருப்பசாமி அதைக் கேட்டுக்கொண்டே வந்தானாம். திம்மராயன் ஏற்றத்தில் வேண்டுமென்றே கியரை மாற்றாமல் எஞ்சினை உறுமவிட்டு ஏறினான். முனியப்பன் கல் வந்தது. போய்விட்டது. கார் நிற்கவில்லை.

"பாத்தியாடா" என்றாள் மாரம்மா. சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. "பழசும் ஓடுது. அவ இல்ல, ஓடுது."

கருப்பசாமி மழையைச் சொன்னான், தண்ணீர் தெறித்துச் சென்சார் ஆறியே இருப்பதைச் சொன்னான். யாரும் காது கொடுக்கவில்லை. திம்மராயன் ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினான். சூளகிரி வந்ததும் ஓசூர் ரோட்டை விட்டு உத்தனப்பள்ளி ரோட்டில் திருப்பினான்.

"எங்கடா போற?"

"அவகிட்ட சொல்லிட்டு வந்துடலாம். இல்லன்னா அவ காத்துக்கினு இருப்பா."

எங்கள் ஊரில் தூறல் இல்லை. மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கார் வந்து ராமப்பன் வாசலுக்கு எதிரில் நின்றபோது நான் வெளியே வந்தேன். திம்மராயன் எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் என்ன ஆகுமோ என்ற பயமோ, அணைக்கவே நினைவில்லையோ, ஓடவிட்டபடியே இறங்கி உள்ளே போனான். கங்கப்பனும் இறங்கினான். மாரம்மா இறங்க மாட்டேன் என்று பின் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே அவன் சொன்னதை முனிலட்சுமி கேட்டாள். அழவில்லை. சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். என் பெண்சாதி போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கங்கப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தை மாதம் எந்த நாள் நல்லது என்று ராமப்பனோடு பேச ஆரம்பித்தான். ரங்கம்மா, தாலியை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் கல்யாணத்துக்குப் போட்ட பாத்திரத்தை எப்போது அனுப்புவார்கள் என்று கேட்டாள். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. தெருவில் கார் உறுமிக்கொண்டே இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

திடீரென்று அந்தச் சத்தம் நின்றது. அது நின்ற பிறகுதான் அவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்ததே எங்களுக்குத் தெரிந்தது.

எல்லோரும் வாசலுக்கு வந்தோம். கருப்பசாமி காருக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். "நான் தொடல" என்றான். "அம்மா மட்டுந்தான் உள்ள இருக்காங்க. மதினி வீட்டுக்குள்ள இருக்காங்க. நீங்களே வந்து சாவியத் திருப்பிப் பாருங்க, பெரியவரே."

கங்கப்பன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. திருப்பிக்கொண்டே இருந்தான். பின்னால் மாரம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அவ ஊரு எல்லைக்குள்ள வந்தது, நின்னுடுச்சு" என்றாள்.

கங்கப்பன் சாவியை விட்டுவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தான். "அக்கா, எல்லைக்குள்ள வந்து எவ்ளோ நேரம் ஓடிச்சு? நான் உள்ள நாள் குறிச்சுக்கினு இருந்தேன், அப்பவும் ஓடிக்கினுதான் இருந்துது. இப்போ அவ என் கண்ணு முன்னாடி தரையில உக்காந்திருந்தா. இதுக்கு மேல நான் பெரியவங்க முன்னாடி நின்னு பேச முடியாது. பேசினா எனக்கே நாக்கு வராது. வேற யாரயாவது வெச்சுப் பேசிக்கோ."

மாரம்மாவுக்கு அந்த வேலைக்கு வேறு யாரும் இல்லை.

கருப்பசாமி சாக்கை விரித்துப் படுத்தான். தெருவே கூடிக் குனிந்து பார்த்தது. பழையதை உருவிப் போட்டுப் புதியதை மாட்டினான். கார் கிளம்பியது. அதற்குள் முனிலட்சுமி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். திம்மராயன் ஓடிப்போய் முன் கதவைத் திறந்து பிடித்தான். அவள் ஏறவில்லை.

"நான் வர்றேன். ஆனா இதுல வரல" என்றாள். "நின்னாலும் என்னால, ஓடினாலும் என்னால. இதுல நான் இனிமே காலெடுத்து வெக்க மாட்டேன். நாளைக்கு இது நின்னா இதோட எஞ்சினக் கேளுங்க, என்னக் கேக்காதீங்க. அத்தை, கேட்டுதா?"

மாரம்மா காருக்குள்ளிருந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நின்னு போன வண்டியத்தான் சரி பண்ணியாச்சே" என்றான் கங்கப்பன்.

"சரி பண்ணது வண்டிய, மாமா."

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகிற பஸ் வருகிற நேரம். அவள் நடந்தாள். கங்கப்பன் கொஞ்சம் தயங்கிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனான். தீர்த்து விட வந்த ஆள் பஸ்ஸில் அவளுக்குச் சீட்டு எடுத்துக்கொடுத்து வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டான். மாரம்மா மகனோடு காரில் போனாள்.

அதன் பிறகும் மாரம்மா மருமகளோடு முகம் கொடுத்துப் பேச வெகுநாள் ஆயிற்று. சென்சார் கதையை அவள் நம்பவே இல்லை. கார் அப்புறமும் தொல்லை கொடுத்தது. ரேடியேட்டர் ஒழுகியது, ஒருநாள் அத்திப்பள்ளியில் லாரிக்காரன் பின்னால் இடித்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் மாரம்மா வாயைத் திறந்து, மூடிக்கொள்வாளாம். முனிலட்சுமி ஊருக்கு வந்தாலும், கோவிலுக்குப் போனாலும், சந்தைக்குப் போனாலும் பஸ்தான். திம்மராயன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான்.

மறு வருஷம் ஐப்பசியில் அவளுக்கு வலி எடுத்தது. நான் ஏதோ வேலையாக அன்று ஜூஜுவாடிக்குப் போயிருந்தேன். நல்ல மழை. திம்மராயன் காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். மாரம்மா மழையில் நனைந்துகொண்டே கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள்.

"ஏறும்மா" என்றாள். "முனிலச்சுமி, ஏறு தாயி. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்."

முனிலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். என்னைப் பார்த்து, "பெரிப்பா, பெரிய ரோட்ல போய் ஒரு ஆட்டோ புடிச்சுக்கினு வாங்க" என்றாள்.

நான் போய்ப் பிடித்து வந்தேன்.